ஆகு என்றால் நில்

என் அக்காவின் வீட்டுக்காரர் குடித்திருந்தார் என்று நீங்கள் எழுதியது பொய். பொய் என்று தெரிந்தேதான் எழுதினீர்கள்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது. நீங்கள் யார் என்று உங்களுக்குத் தெரியும். கிளப்பில் இருக்கிறவர்களுக்கும் தெரியும். இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு உங்கள் பெயர் தேவையில்லை. ஆனால் என்ன நடந்தது என்று அவர்களுக்குத் தெரியவேண்டும், அதனால் ஆரம்பத்திலிருந்து எழுதுகிறேன். உங்களைத் தலைவர் என்றே குறிப்பிடுகிறேன். கிளப்பில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டோம்.

எனக்குத் திருத்தணியில் வீடு. திருவாலங்காட்டுப் பக்கம் கொசஸ்தலையாற்றை ஒட்டி நிலம். கரும்பு, கொஞ்சம் நெல். கல்யாணத்துக்கு முன்பிருந்தே டிராக்டர் ஓட்டுகிறேன். என் வீட்டுக்காரருக்கு ஆபீஸ் வேலை. அவருக்கு வண்டியில் உட்கார்ந்தாலே குமட்டும். மலைக்கோயிலுக்கு ஏறுகிற ரோட்டின் வளைவுகளுக்கே எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொள்வார். அதனால் எங்கள் வீட்டில் ஸ்டீயரிங் எப்போதும் என் கையில்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கரும்புக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். மோட்டார் கொட்டகைக்கு இரண்டு பேர் வந்தார்கள். முட்டிவரைக்கும் மணல். சென்னையிலிருந்து வந்த ஜீப் கிளப்பாம். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிகளை வைத்துக்கொண்டு பாலைவனத்தில் ஓட்டப் பழகுகிறவர்களாம். பாலைவனம் தூரமாக இருப்பதால் காய்ந்த ஆற்றில் பழகுகிறார்கள். இரண்டு வண்டி புதைந்துவிட்டது, டிராக்டர் கிடைக்குமா என்று கேட்டார்கள்.

போய்ப் பார்த்தால் வண்டி வயிறு மணலில் உட்கார்ந்திருந்தது. சக்கரம் பாதிக்கு மேல் உள்ளே.

"மணல்ல பூந்துட்டு ரேஸ் குடுத்துகினே இருந்தா பள்ளந்தான் ஆவும்" என்றேன்.

"சேத்துல நீங்க மட்டும் இன்னா பண்ணுவீங்க?" என்று ஒருவன் கேட்டான். என் பேச்சை அப்படியே பேசிக் காட்டினான். நான் சங்கிலியை மாட்டினேன். இரண்டு வண்டியையும் வெளியே இழுத்துப் போட்டேன்.

தலைவரை அன்றுதான் முதலில் பார்த்தேன். அகலத் தொப்பி, கழுத்தில் ஒரு துண்டு. வளைகுடாவில் பல வருஷம் வேலை பார்த்தவர். அங்கே விடுமுறை நாட்களில் மணல்மேட்டில் ஓட்டக் கற்றுக்கொண்டு, திரும்பி வந்து மற்றவர்களுக்குக் கற்றுத் தந்துகொண்டிருந்தார்.

"நன்றி அக்கா. ஆனா ஒண்ணு, ட்ராக்டர் வேற, இது வேற. பாலைவனத்துல உங்க ட்ராக்டர் பத்தடி போகாது."

"பாலைவனத்துல நான் இன்னாத்துக்குக் கரும்பு போடப்போறேன்?"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். "வீட்ல ஜீப் இருக்கா? இருந்தா அடுத்த வாரம் எடுத்துட்டு வாங்க. கத்துத் தரேன். தைரியம் இருந்தா" என்றார்.

அந்தக் கடைசி இரண்டு வார்த்தைக்காகத்தான் போனேன்.

ஜீப் இருந்தது. என் அப்பா, நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம், கரும்புத் தோட்டத்துக்குப் போய்வர செகண்ட் ஹேண்டில் வாங்கிய டீசல் ஜீப். முன்சக்கரத்துக்கும் இழுவை கொடுக்கிற லிவர் அதில் இருந்தது. அதை யாரும் தொட்டதில்லை, துருப்பிடித்துப் போயிருந்தது. அரக்கோணம் ரோட்டில் மெக்கானிக் கடை வைத்திருக்கிற பாய் இரண்டு நாள் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து அதை அசைய வைத்தார்.

கிளப்பில் முதல் பாடம் காற்று. ரோட்டில் ஓடுகிற டயரில் முப்பது, முப்பத்தைந்து பவுண்டு காற்று இருக்கும். மணலில் இறங்கும் முன் அதைப் பதினைந்துக்குக் குறைக்க வேண்டும். டயர் தட்டையாகிப் பரவி நிற்கும், புதையாது. இது என் மண்டையில் ஏறவே இல்லை. கரும்பு ஏற்றுகிறவர்களுக்கு டயர் கல் மாதிரி இருக்கவேண்டும். எங்கள் பக்கத்தில் ஒருவன் வண்டியில் இன்னொருவன் காற்றை இறக்கிவிட்டால் அது வரப்புச் சண்டை, ஸ்டேஷன் வரைக்கும் போகும். இருந்தாலும் அளவு பார்க்கிற மீட்டர் பாயிடம் இருந்ததால் இறக்கக் கற்றுக்கொள்ள அவரிடமே போனேன்.

"காத்து புடிக்கத்தான் வருவாங்க. எறக்கச் சொல்லி வந்த மொத ஆளு நீங்கதாங்க" என்றார் பாய். "யாரு மேல கோவம்?"

"பாடங்க பாய்."

"ஆங். நல்ல பாடம்" என்று சொல்லிவிட்டு நாலு டயரையும் இறக்கினார். பக்கத்து டீக்கடையிலிருந்து எழுந்து வந்து வேடிக்கை பார்த்தார்கள்.

இரண்டாவது பாடம் கால். நின்றுவிட்டால் ஆக்சிலேட்டரை மிதிக்கக்கூடாது. சேற்றில் டிராக்டர் திணறினால் மிதிக்க வேண்டும், மிதித்தால் ஏறிவிடும். இருபது வருஷமாக அப்படிப் பழகிய கால் என்னுடையது. மணலில் அந்தக் கால் தானாகவே அழுத்தியது. தலைவர் வெளியே நின்று "கால எடுங்க அக்கா! கால எடுங்க!" என்று கத்தினார். எடுப்பதற்குள் அச்சுவரை புதைந்துவிட்டேன். புதைத்தவர்தான் தோண்டவேண்டும் என்பது கிளப்பின் சட்டம். மண்வெட்டியைக் கையில் கொடுத்துவிட்டு நிழலில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். மண்வெட்டி எனக்குப் புதிது இல்லை. ஆனால் ஆற்றுமணல் தோண்டத் தோண்டச் சரியும். முக்கால் மணி நேரம் ஆனது. மூன்று ஞாயிறு இப்படியே தோண்டினேன். நாலாவது ஞாயிறு கால் தானாக எடுத்துக்கொண்டது.

கிளப்பில் சக்கரத்துக்கு அடியில் போட ஓட்டை ஓட்டையாகப் பிளாஸ்டிக் பலகை வைத்திருப்பார்கள். என்னிடம் பலகை இல்லை. கரும்பில் உரித்த தோகையை, எங்கள் பேச்சில் சோகையை, கட்டாகக் கட்டி ஜீப்பில் போட்டுக்கொண்டு போனேன். காய்ந்த சோகையைச் சக்கரத்துக்கு முன்னால் தடிமனாகப் பரப்பினால் டயர் பிடித்துக்கொண்டு ஏறிவந்துவிடும். தலைவர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த வாரம் "எனக்கு ரெண்டு கட்டு கொண்டாங்க அக்கா" என்று போன் செய்தார்.

அவர் நல்ல வாத்தியார். இதை மறைத்து எழுதினால் நானும் அவரைப் போலத்தான். பிரேக்கை மிதித்து நிறுத்தாதே, வண்டியை உருளவிட்டு நிறுத்து. சரிவில் குறுக்கே போகாதே, கவிழும். இறங்கும்போது மூக்கு நேராகக் கீழே பார்க்கவேண்டும், பயந்து ஸ்டீயரிங்கைத் திருப்பினால் தொலைந்தாய். இவை எல்லாம் அவர் சொல்லிக்கொடுத்தவை. ஒரே தவறை ஏழு முறை செய்தாலும் ஏழு முறையும் பொறுமையாகச் சொல்வார்.

மூன்றாவது பாடம் மேடு. இந்தக் கதைக்கு அதுதான் முக்கியம். ஆற்றில் லாரி லாரியாக மணல் அள்ளியவர்கள் விட்டுப்போன பள்ளங்களும் குவியல்களும் எங்கள் பக்கத்தில் நிறைய. அந்தக் குவியல்களில்தான் பழகினோம். கீழே இருந்து ஏறும்போது உச்சி தெரியும், அதற்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியாது. அதனால் உச்சியில் ஒரு ஆள் நிற்கவேண்டும். கையில் வாக்கி டாக்கி. முன்னால் போன வண்டி அந்தப் பக்கம் இறங்கி, ஒதுங்கி, தள்ளிப்போன பிறகு அந்த ஆள் சொன்னால்தான் அடுத்த வண்டி ஏறலாம்.

தலைவர் இதை ஒவ்வொரு வாரமும் சொல்வார். "எறங்கின எடத்துல நிக்காதீங்க. செல்ஃபி எடுக்காதீங்க, தண்ணி குடிக்காதீங்க. பின்னாடி வர்ற வண்டி உங்க மேலதான் எறங்கும்."

இதற்கெல்லாம் கூட ஒரு ஆள் வேண்டும். என் வீட்டுக்காரரைக் கூப்பிட முடியாது. அக்காவின் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். அவரைப் பாவா என்று கூப்பிடுவோம். ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் நகரிக்காரர், தாய்மொழி தெலுங்கு. அங்கே ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பஸ் ஓட்டினார். ஞாயிறு லீவு, காலையில் பஸ் ஏறி வந்துவிடுவார். என்னை மரதலா என்பார். மனைவியின் தங்கையைத் தெலுங்கில் அப்படித்தான் கூப்பிடுவார்கள், கேலி செய்ய உரிமை உள்ள உறவு. அந்த உரிமையை அவர் ஒரு நாளும் சும்மா விட்டதில்லை.

"இன்னா மரதலா, இந்த வாரமும் கெணறு தோண்டப் போறியா?"

"நீ வாய மூடிகினு பின்னாடி தள்ளு பாவா."

"தள்றேன், தள்றேன். ஊட்ல உங்க அக்காவத் தள்றதுக்கு இது எவ்ளோ மேல்."

வாக்கி டாக்கியில் இங்கிலீஷில்தான் பேசவேண்டும் என்று கிளப்பில் ஒரு விதி. வழி சரியாக இருந்தால் கிளியர். நிறுத்தவேண்டும் என்றால் ஸ்டாப். கேட்டது புரிந்தால் காப்பி. முதல் நாள் தலைவர் செட்டில் "காப்பி?" என்று கேட்டார். பாவா பட்டனை அழுத்தி, "நாக்கு டீ சார், சக்கர கம்மியா" என்றார். எனக்கு டீ என்று தெலுங்கில் சொன்னது எல்லா வண்டியிலும் கேட்டது. ஆற்றில் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் சிரிப்பு.

தலைவரும் சிரித்துவிட்டு, "நீங்க ரெண்டு பேரும் உங்க பாஷைலயே பேசிக்கோங்க. எனக்கு மண்டை காயுது" என்றார். இதைக் கிளப்பே கேட்டது. அன்றிலிருந்து நானும் பாவாவும் செட்டில் ஊர்ப் பேச்சுதான் பேசினோம். நான் "வரட்டுமா?" என்று கேட்பேன். அவர் "ஆங், வா" என்பார். இல்லாவிட்டால் "நில்லு" என்பார். வேறு வார்த்தையே இல்லை. எட்டு மாதம் அப்படியே ஓட்டினோம், ஒரு கீறல் விழவில்லை.

சங்கராந்தி லீவில் ராஜஸ்தான் போவதென்று முடிவானது. ஏழு வண்டி. நானும் பாவாவும் மாற்றி மாற்றி ஓட்டினோம். நாலு நாள் ரோடு. பழைய ஜீப், ஹீட்டர் கிடையாது. விடிகாலைக் குளிரில் பாவா பெட்ஷீட்டைப் போர்த்திக்கொண்டு ஓட்டினார். எங்கே நிறுத்தினாலும் ரொட்டிதான். நாலாவது நாள் அவர் என் அக்காவுக்குப் போன் செய்து, ரசம் எப்படி இருக்கும் என்று ஞாபகப்படுத்தச் சொன்னார்.

மணல் மேட்டை முதன்முதலில் பார்த்தபோது எனக்குப் பயமும் வரவில்லை, பரவசமும் வரவில்லை. இறங்கிப்போய் ஒரு கைப்பிடி அள்ளிப் பார்த்தேன். எங்கள் ஆற்றுமணல் நறநறவென்று இருக்கும். இது மாவு. விரலிடுக்கில் தண்ணீர் மாதிரி ஒழுகியது. காலையில் குளிரில் இறுகி இருக்கும், வெயில் ஏற ஏற இளகும் என்று தலைவர் சொன்னார். அப்படியே இருந்தது. ஏழு மணிக்கு ஏறிய மேட்டில் பதினொரு மணிக்கு ஏற முடியவில்லை. டயரில் காற்றை இன்னும் மூன்று புள்ளி இறக்கினோம்.

முதல் நாள் நான் நன்றாக ஓட்டினேன். இதில் எனக்கு அடக்கம் எல்லாம் இல்லை. சென்னைக்காரர்களின் புது வண்டிகள் நாலு முறை புதைந்தன. என் ஜீப் ஒரு முறைதான், அதுவும் பாதி சக்கரம். சாயங்காலம் தலைவர் செட்டில், "அக்காவப் பாத்து ஓட்டுங்கடா" என்றார். உடனே என் வீட்டுக்காரருக்குப் போன் செய்து சொன்னேன். அவர், "அவ்ளோ மேட்டுல ஏறி எறங்கறியா? கேக்கும்போதே கொமட்டுது" என்றார்.

இரண்டாம் நாள் காலை பத்து மணி இருக்கும். பெரிய மேடு ஒன்று. வழக்கமாக உச்சியில் நிற்கிற பையனுக்கு வயிற்றுப்போக்கு, முகாமிலேயே படுத்துவிட்டான். தலைவர் பாவாவைக் கூப்பிட்டு, "நீங்க நில்லுங்க பாவா, எட்டு மாசமா பாக்கறீங்களே" என்றார். பாவா ஏறிப்போய் உச்சியில் நின்றார். தலைவர் முதலில் ஏறி அந்தப் பக்கம் இறங்கினார். அடுத்தது நான்.

இங்கிருந்து நடந்ததை நான் பார்த்தவரை சொல்கிறேன், பாவா பார்த்ததைப் பாவா சொன்னபடி சொல்கிறேன்.

நான் கீழே என்ஜினை உறும விட்டுக்கொண்டு காத்திருந்தேன். பாவா உச்சியில் எனக்கு முதுகைக் காட்டி நின்றார், அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு. நான் பட்டனை அழுத்தி, "பாவா, வரட்டுமா?" என்று கேட்டேன். செட் கொரகொரத்தது. பிறகு அவர் குரல்.

"ஆ."

இன்னொரு முறை, இன்னும் சத்தமாக.

"ஆ!"

எங்கள் ஊரில் ஆமாம் என்பதற்கு ஆங் என்போம். வரட்டுமா என்று கேட்டால் அதுதான் பதில். எட்டு மாதமாக எனக்கு வந்த பதிலும் அதுதான். கியரைப் போட்டு ஏறினேன்.

பாவா சொன்னது வேறு. அந்தப் பக்கம் இறங்கிய தலைவர் தள்ளிப் போகவில்லை. மேட்டின் அடியிலேயே, சரியாக இறங்குகிற இடத்தில், வண்டியைக் குறுக்கே நிறுத்தினார். கதவைத் திறந்து இறங்கினார். கையில் ரிமோட். நாங்கள் வரிசையாக இறங்குவதைப் படம் எடுக்கப் பறக்கும் கேமராவை மேலே அனுப்பிக்கொண்டிருந்தார். கையை ஆட்டி நகரச் சொல்லிவிட்டுப் பாவா காத்திருக்கிறார். அதற்குள் என் குரல் வந்திருக்கிறது. பாவா பதறிப் பட்டனை அழுத்தி, "ஆகு! ஆகு!" என்று கத்தியிருக்கிறார்.

தெலுங்கில் ஆகு என்றால் நில்.

எங்களோடு எப்போதும் தமிழில் பேசுகிறவர். ஆனால் எண்ணுவது, திட்டுவது, சாமி கும்பிடுவது எல்லாம் தெலுங்கில்தான். பயந்தபோதும் தெலுங்குதான் வந்தது. அதோடு, அந்தச் செட்டில் பேசி முடிக்கும்வரை பட்டனை அழுத்தியே வைத்திருக்கவேண்டும். அவர் பஸ் ஹாரனை அழுத்துவது மாதிரி அழுத்தி அழுத்தி விட்டிருக்கிறார். முதல் எழுத்து மட்டும் எனக்கு வந்தது. மீதி அவரிடமே நின்றுவிட்டது.

நகரிக்காரர் ஒருவரும் திருத்தணிக்காரி ஒருத்தியும் தவிர இந்தத் தப்பை உலகத்தில் வேறு யாரும் செய்திருக்க முடியாது.

உச்சியில் காலை எடுத்தேன். மூக்கு கீழே சாய்ந்தது. தலைவரின் வெள்ளை வண்டி நேர் கீழே, கதவு திறந்தபடி. பிரேக் பிடிக்கக்கூடாது. திருப்பினால் உருளும். இரண்டையும் அவர்தான் கற்றுத் தந்தார். நான் திருப்பவில்லை. நேராகப் போய் அவர் வண்டியின் பின்பக்கத்தில் மோதினேன். உள்ளே யாரும் இல்லை. என் நெஞ்சு ஸ்டீயரிங்கில் இடித்தது, ரேடியேட்டர் உடைந்து தண்ணீர் மணலில் ஓடியது. அவ்வளவுதான். ஆனால் என்னைத் தடுக்க உச்சியிலிருந்து என் வண்டிக்குப் பின்னாலேயே ஓடிவந்த பாவா சரிவில் உருண்டு, கையை ஊன்றி விழுந்தார். வலது மணிக்கட்டு உடைந்துவிட்டது.

அவர் எழுந்து வந்தபோது தள்ளாடினார். கண் இரண்டும் சிவந்திருந்தது, மணல். வாயில் மணல், பேச்சு குழறியது. தலைவர் நசுங்கிய வண்டியைப் பார்த்தார், பாவாவைப் பார்த்தார்.

"குடிச்சிருக்கியா நீ?"

எட்டு மாதமாகப் பாவா, பாவா என்று கூப்பிட்டவர் 'நீ' என்றார்.

நான் பேசுவதற்குள் பாவாவே உடைந்த கையை இன்னொரு கையால் தாங்கிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றார். "ஊதட்டுங்களா சார்? வந்து பாருங்க, ஊதறேன்."

தலைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு தன் வண்டிப் பக்கம் நடந்தார். மற்ற வண்டிக்காரர்கள் அதற்குள் உச்சிக்கு வந்திருந்தார்கள். மூன்று பேராவது இதைக் கேட்டார்கள்.

பாவா ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்கிறவர். அதனால் குடிக்க மாட்டார் என்று நான் சொல்லவரவில்லை. காவடியை இறக்கிவைத்துவிட்டு நேராகக் கடைக்குப் போகிறவர்களையும் எனக்குத் தெரியும். அவருக்கு வயிற்றுப் புண், ஒரு மடக்கு உள்ளே போனால் இரண்டு நாள் எழுந்திருக்க முடியாது. அதனால் குடிப்பதில்லை. அவ்வளவுதான் காரணம்.

அங்கேயே ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டார்கள். ஜீப்பை லாரியில் ஏற்றிவிட்டு நாங்கள் ரயிலில் திரும்பினோம். முதல் நாள் முழுக்கப் பாவா ஒரு கேலியும் செய்யவில்லை. மறுநாள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர் திடீரென்று கேட்டார்.

"நான் தெலுங்குலயா சொன்னேன்?"

"ஆங்."

"தமிழ்லதான் சொன்னேன்னு நெனச்சிகினு இருந்தேன் மரதலா. நில்லுன்னு சொன்ன மாதிரியே இருக்குது."

டீ வந்தது, வாங்கிக் கொடுத்தேன். இடது கையால் குடித்தார்.

ஊருக்கு வந்த மூன்றாம் நாள் கிளப்பின் வாட்ஸ்அப் குழுவில் தலைவர் ஒரு நீண்ட செய்தி போட்டார். உச்சியில் நின்றவர் மது போதையில் இருந்தார், ரேடியோ விதிகளை மீறி வேறு மொழியில் உளறினார், இனி ஓட்டுநருடன் வருகிறவர்களுக்குக் கட்டுப்பாடு. தன் வண்டி எங்கே நின்றது என்று அதில் ஒரு வரி இல்லை. நான் பதிலுக்கு, "உங்க வண்டி எங்க நின்னுது, அதையும் எழுதுங்க" என்று போட்டேன். பத்து நிமிஷத்தில் என்னைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

போன் செய்தேன். அப்போது எடுத்தார்.

"அக்கா, உங்கள நான் ஒரு வார்த்த சொல்லலையே" என்றார். "கிளப்போட பேரு இருக்கு. நாளைக்கு என்ன நம்பி யார் வருவாங்க? நாலு நாள்ல எல்லாரும் மறந்துடுவாங்க, விடுங்க."

எல்லோரும் மறக்கவில்லை. கிளப்பில் ஆந்திரா பக்கத்து ஆட்களும் உண்டு. செய்தி ஒரு குழுவிலிருந்து இன்னொரு குழுவுக்குப் போய், நகரியில் பாவா ஓட்டுகிற பஸ்ஸில் பிள்ளைகளை அனுப்புகிறவர்களின் குழுவுக்கே போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் முதலில் கை சரியாகட்டும் என்றார்கள். மாவுக்கட்டைப் பிரித்துவிட்டுப் போய் நின்றபோது வேறு ஆளைப் போட்டாகிவிட்டது என்றார்கள். யாரும் குடி என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. கேட்டுக்கு வெளியே நின்ற ஒரு அம்மாதான் அவரிடம் நேராகச் சொன்னார்: ராஜஸ்தானில் குடித்துவிட்டு வண்டியை மோதவிட்டவரிடம் பிள்ளையை எப்படி அனுப்புவது என்று. அந்த அம்மா மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்தச் செய்தியை நம்பினால் நானும் என் பிள்ளையை அனுப்ப மாட்டேன்.

அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பதினோரு வருஷம் பஸ் ஓட்டினார். வேறு இரண்டு பள்ளிக்கூடத்தில் கேட்டுப் பார்த்தார். நகரி சின்ன ஊர். அங்கேயும் அந்தச் செய்தி அவருக்கு முன்னாலேயே போயிருந்தது. இப்போது என் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுகிறார். நான்தான் கூப்பிட்டேன். வருகிறார், வேலையைச் சரியாகச் செய்கிறார். ஆனால் பஸ் ஓட்டுகிறவருக்கு அது தொழில். குழந்தைகளை ஏற்றி இறக்க நம்பகமான ஆள் என்ற பெயர் இருந்தால்தான் அந்தத் தொழில். பாவாவிடம் இல்லாமல் போனது அதுதான். அதை நான் டிராக்டரைக் கொடுத்து ஈடுகட்ட முடியாது.

என் பங்கை நான் யார் மேலும் போடவில்லை. அரை வார்த்தையைக் கேட்டுவிட்டு முழு வார்த்தை என்று ஏறியது என் தப்பு. சரியாகக் கேட்காவிட்டால் இன்னொரு முறை கேட்கவேண்டும், அதற்கு இரண்டு விநாடி ஆகும். நான் கேட்கவில்லை. இதைப் பாவாவிடமும் அக்காவிடமும் சொல்லிவிட்டேன். பட்டனைப் பதறி அழுத்தியது தன் தப்பு என்று பாவாவும் யார் கேட்டாலும் சொல்கிறார். மூன்று பேர் சேர்ந்து செய்த தப்பில் இரண்டு பேர் ஒப்புக்கொண்டாகிவிட்டது.

மிச்சம் நீங்கள்தான் தலைவரே. உங்கள் பேர் கெடக்கூடாது என்று பஸ் ஓட்டுகிறவர் பேரைக் கெடுத்தீர்கள். இறங்கின இடத்தில் நிற்காதே என்று வாரா வாரம் எங்களுக்குச் சொன்ன நீங்கள் இறங்கின இடத்தில் நின்றீர்கள். ஊதிக் காட்டுகிறேன் என்று உங்கள் முன்னால் வந்து நின்ற மனிதனிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு போய், மூன்று நாள் கழித்து அவர் போதையில் இருந்தார் என்று எழுதினீர்கள். எங்கள் பாஷையில் பேசிக்கொள்ள அனுமதி கொடுத்ததும் நீங்கள்தான். விதியை மீறினார் என்று எழுதியதும் நீங்கள்தான்.

அன்றைக்கு உங்கள் கேமரா மேலே பறந்துகொண்டிருந்தது. நான் மோதிய பிறகும் அது பறந்தது, சத்தம் எனக்குக் கேட்டது. உங்கள் வண்டி எங்கே நின்றது, எவ்வளவு நேரம் நின்றது, பாவா எப்படிக் கையை ஆட்டினார், எப்படி ஓடிவந்தார் என்பதெல்லாம் அதில் இருக்கும். அதை யாருக்கும் நீங்கள் காட்டவில்லை.

அந்தப் படத்தை வெட்டாமல் முழுசாக, நீங்கள் பொய்யை எழுதிய அதே குழுவில் போடுங்கள். அவர் குடித்திருந்தார் என்று உங்களுக்கு எப்படித் தெரியும், வாடை அடித்ததா, நீங்கள் ஏன் கிட்டே வரவில்லை என்று அங்கேயே எழுதுங்கள். எனக்குப் போன் செய்யாதீர்கள், நான் எடுக்க மாட்டேன். பாவாவைத் தனியாகப் பார்த்து மன்னிப்புக் கேட்கவும் வேண்டாம். எல்லோரும் பார்க்க எழுதினீர்கள் அல்லவா, எல்லோரும் பார்க்கப் பதில் சொல்லுங்கள்.